வியன்னா கான்ஃபரன்ஸ் போறேன், ரெண்டு நாள்ல எங்கெல்லாம் சுத்தலாம்?

குரோம்பேட்டை_வாசி:
எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல்ல வியன்னால நடக்குற ஈஜியூ (ஐரோப்பிய புவி அறிவியல் சங்கம்) கான்ஃபரன்ஸுக்கு என் ரிசர்ச் போஸ்டர் செலக்ட் ஆயிருக்கு, ஜியாலஜில பிஎச்டி பண்றேன், முதல் வெளிநாட்டுப் பயணம். திங்கள் டு வெள்ளி கான்ஃபரன்ஸ், சனி ஞாயிறு சொந்த செலவுல தங்கிக்க கைடு ஓகே சொல்லிட்டார். இவ்ளோ தூரம் போயிட்டு ஹால்ஸ்டாட், சால்ஸ்பர்க், ப்ராக், புடாபெஸ்ட் எதையும் விட மனசு வரல, எதெல்லாம் முடியும்? சைவம், முட்டை ஓகே. ஃபெல்லோஷிப் காசுதான், கை ரொம்ப டைட்டு.

டான்யூப்_கரை:
வாழ்த்துகள் தம்பி! நான் இங்க வியன்னாலதான் இருக்கேன். அந்த நாலு ஊர் லிஸ்ட்ட அப்படியே மடிச்சு வைங்க. ஹால்ஸ்டாட் போகவே மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும், நடுவுல ரயில் மாறணும், ஸ்டேஷன் ஏரிக்கு அந்தப் பக்கம், இறங்கி போட்ல கடந்தாதான் ஊரு. ப்ராக் நாலு மணி நேரம். ரெண்டு நாளும் ரயில்லயே போயிடும்.

நீங்க கணக்குல எடுக்காத நேரம் ஒண்ணு இருக்கு, அந்த அஞ்சு நாள் சாயங்காலமும். கான்ஃபரன்ஸ் நடக்குற ஆஸ்திரியா சென்டர் பக்கத்துலயே யூ1 மெட்ரோ, ஏறினா பத்து நிமிஷத்துல ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ், ஊரோட நடு சென்டர். ஏப்ரல்ல ஏழரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும். புதன்கிழமை நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் லேட்டா மூடுவாங்க, ஜியாலஜி படிக்கிற ஆளு அத விடவே கூடாது, விண்கல் ஹால் ஒண்ணு போதும். ஆதி மனுஷன் செதுக்கின வில்லன்டோர்ஃப் பெண் சிலையும் அங்கதான், 1908ல தோண்டி எடுத்தது, 11 செ.மீ. தான் உயரம், ஊலிடிக் லைம்ஸ்டோன், அதாவது குட்டி குட்டி உருண்டை சேர்ந்து உருவான சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லு வட இத்தாலி பக்கத்துல இருந்து வந்திருக்கலாம்னு 2022ல ஒரு ஸ்டடி வந்துச்சு, கிட்டப் போய் பாருங்க.

வியாழக்கிழமை எதிர்க் கட்டடம், ஆர்ட் மியூசியம், ராத்திரி ஒம்பது வரை. நேரா ஓவியர் ப்ரூகலோட ரூமுக்கு போங்க. பைபிள் கதைல வானத்த தொடுறதுக்கு கட்டுவாங்களே, அந்த பேபல் கோபுரத்த 1563ல வரைஞ்ச படம் இருக்கு, அந்தக் கோபுரத்த ஒரு பெரிய பாறைய சுத்திதான் கட்டிட்டு இருப்பாங்க, மேல் மாடி வரைக்கும் கட்டடத்த பொத்துக்கிட்டு பாறை தெரியும், கீழ கல்லு கொத்துறவன் ஒவ்வொருத்தனும் தனித்தனியா. எனக்கு எத்தன தடவ பாத்தாலும் சலிக்கல.

தஞ்சாவூர்_அக்கா:
மேல சொன்னது அத்தனையும் கரெக்ட். ஒரு சாயங்காலம் ஸ்டேட் ஓபராவுக்கு ஒதுக்கிடுப்பா, சீட்டு டிக்கெட் வெல நமக்கு தாங்காது, ஆனா நின்னு பாக்குற டிக்கெட் கொஞ்ச காசுதான், அன்னைக்கு காலைல பத்து மணிக்கு ஆன்லைன்ல விடுவாங்க. உள்ள போனதும் கம்பில ஒரு துப்பட்டாவோ மஃப்ளரோ கட்டிட்டா அந்த எடம் உன்னோடது, யாரும் தொட மாட்டாங்க, நிம்மதியா வெளிய போய் தண்ணி குடிச்சுட்டு வரலாம். முன்னாடி சின்ன ஸ்க்ரீன்ல பாட்டுக்கு இங்கிலீஷ்ல அர்த்தமும் ஓடும்.

சாப்பாட்டுல ஒண்ணு கவனம், ஃப்ரிட்டாட்டன் சூப்னு மெனுல இருக்கும், தோசைய நறுக்கிப் போட்ட மாதிரி பாக்க சைவமாத்தான் தெரியும், ஆனா மாட்டெலும்பு சாறு. கேஸ்ஷ்பெட்ஸ்லேன்னு குட்டி நூடுல்ஸ் மாதிரி ஒண்ணு, அதுல சீஸ்தான், ஆனா சில கடைல பேக்கன் துண்டு தூவுவாங்க, கேட்டுக்கோ. தண்ணி பாட்டில் வாங்காத, இங்க குழாய் தண்ணி ஆல்ப்ஸ் ஊத்துல இருந்து வருது, 1873ல போட்ட லைன்.

விசா_வேலு:
ப்ரோ, அந்த சனி ஞாயிறையும் விசா அப்ளிகேஷன்லயே காட்டிடுங்க, ஹோட்டல் புக்கிங்கோட. நீங்க காட்டுற தேதிய வச்சுதான் நாள் கணக்கு போடுவாங்க, கான்ஃபரன்ஸ் லெட்டர்ல வெள்ளி வரைக்கும்தான் இருக்கும். இன்ஷூரன்ஸும் கடைசி நாள் வரை கவர் ஆகணும், குறைஞ்சது 30,000 யூரோ. ஏர்போர்ட்ல இருந்து பச்சைக் கலர் எக்ஸ்பிரஸ் போர்ட பாத்து ஏறிடாதீங்க, எஸ்7 ட்ரெய்ன் ரொம்ப சீப், ப்ராட்டர்ஸ்டெர்ன்ல இறங்கி யூ1 மாறிடுங்க. சிட்டி பாஸ் ஏர்போர்ட்டுக்கு செல்லாது, அதுக்கு தனி டிக்கெட்.

குரோம்பேட்டை_வாசி:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. சனிக்கிழமை ஷான்புருன் அரண்மனைத் தோட்டம், ஞாயிறு எங்கயாவது பக்கத்துல ஒரே ஒரு ஊர்னு வச்சுக்கறேன், ஸ்லோவாக்கியா தலைநகர் பிராட்டிஸ்லாவா ஓகேவா?

டான்யூப்_கரை:
தாராளமா. ரயில்ல ஒரு மணி நேரம், அதுவும் ஒரே விசால போற ஷெங்கன் நாடுகள்ல ஒண்ணுதான், அதே விசா போதும், பாஸ்போர்ட் மட்டும் கைல வச்சுக்கோங்க. இங்க வியன்னால ஞாயித்துக்கிழமை கடையெல்லாம் சாத்திருவாங்க, ஊருக்கு வாங்க வேண்டிய சாக்லேட்ட சனிக்கிழமையே வாங்கிடுங்க.