தட்டணு இறங்கினாலே டெங்குதானா? காய்ச்சலும் ரத்த உறைவும்: நம் பக்கத்து அனுபவங்கள்

காரைக்குடி, ரத்தப் பரிசோதனைக்கூட ஊழியர்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்களிடம் வருகிறவர்கள் கேட்பது ஒன்றே: "தட்டணு எவ்வளவு?" ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டைத்தான் அப்படிக் கேட்பார்கள். ஒன்றரை லட்சத்துக்குக் கீழே ஓர் எண்ணைச் சொன்னால் போதும், டெங்கு என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். வீட்டுக்குப் போவதற்குள் பப்பாளி இலை பறித்தாகிவிடும். எனக்கு இதில் தீராத எரிச்சல். பாக்டீரியாக் காய்ச்சல்களும் தட்டணுவை இறக்கும். டெங்கு வைரஸைக் கொல்ல மருந்து இல்லை, இவற்றுக்கு இருக்கிறது.

திருப்பத்தூர்ப் பக்கம் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகிற ஓர் அம்மா வந்திருந்தார். ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல், டெங்குப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, தட்டணு நாற்பதாயிரத்துக்குப் பக்கம். ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து எவ்வளவு அழுத்தியும் கசிவு நிற்கவில்லை. எண்ணைவிட அதுதான் என்னை உறுத்தியது. மருத்துவரிடம் சொன்னேன். உறையும் நேரத்தைக் காட்டும் பி.டி. பார்க்கச் சொன்னார், நீண்டிருந்தது. உடல் முழுவதும் தேடிப் பார்த்ததில் மார்புக்குக் கீழ் மடிப்பில் வலியில்லாத ஒரு கறுத்த பொருக்கு. உண்ணி கடித்த தடம் அது; கடியால் பரவும் பாக்டீரியாக் காய்ச்சலான உண்ணிக் காய்ச்சல் (ஸ்கரப் டைஃபஸ்). டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கிய இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. தட்டணுப் பை ஒன்றுகூட ஏற்றவில்லை. எண்ணிக்கை தானாக ஏறியது.

அந்தக் கிருமி ரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களுக்குள் குடியிருப்பது. சுவர் புண்பட்டால் உடல் அங்கங்கே நுண்ணிய ரத்தக் கட்டிகளைக் கட்டத் தொடங்கும். தட்டணுவும் உறைவுக்கான புரதங்களும் அதிலேயே செலவாகும். முதல் பந்தியிலேயே சோறு தீர்ந்த கல்யாண வீடு மாதிரி, பிறகு ஊசி குத்திய இடத்தை அடைக்கக்கூட மிச்சமிருக்காது.

தேவகோட்டை, நோயாளியின் மகன்

அண்ணன் சொன்ன கடைசி வரியை எங்கள் அப்பச்சி உடம்பில் பார்த்தோம். நெடுநாள் சர்க்கரை நோயாளி. நடவு நேரத்தில் வயலில் வெறுங்காலோடு நிற்கிறவர். காய்ச்சல், மூச்சிரைப்பு என்று முதலில் சேர்த்த இடத்தில் டெங்கு என்றார்கள். மதுரைக்குக் கொண்டுபோனபோது கால்விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. அதே நேரத்தில் மூக்கிலிருந்து ரத்தம். உறைவதும் ஒழுகுவதும் ஒரே உடம்பில் எப்படி நடக்கும் என்று எனக்குப் புரியவில்லை. டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை அளவு மிக அதிகம் என்றார்கள். உடல் தானே கட்டிய கட்டிகளைத் தானே கரைத்துக்கொண்டிருப்பதற்கு அது அடையாளமாம்.

உறவினர்கள் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். மூக்கில் ஒழுக்கு இருந்ததால் கொஞ்சம் ஏற்றினார்கள். ஆனால் கிருமியை அடக்காமல் எத்தனை பை ஏற்றினாலும் அதுவும் செலவாகும் என்று தெளிவாகச் சொன்னார்கள். ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்த்ததில் மெலியாய்டோசிஸ் என்ற நோயின் பாக்டீரியா. ரத்தக் குழாய் வழியாக செஃப்டாசிடிம், பிறகு மாதக்கணக்கில் கோ-டிரைமாக்சசோல் மாத்திரை; இரண்டும் நுண்ணுயிர்க்கொல்லிகள். ஒரு விரல் நுனி போய்விட்டது; ஆள் பிழைத்தார்.

1912இல் ரங்கூனிலிருந்து விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரு மருத்துவர்கள் இந்த நோயை முதன்முதலாக விவரித்து எழுதினார்களாம். அப்பச்சியின் ஐயா கொண்டுவிற்கப் போன அதே ரங்கூன்! எங்கள் வளவுத் தூண்களின் தேக்கு அங்கிருந்து கப்பலேறி வந்தது. இந்தக் கிருமிக்குக் கப்பல் தேவைப்படவில்லை, நம் வயல் சேற்றிலேயே இருக்கிறது.

புதுக்கோட்டை, ஓய்வுபெற்ற செவிலியர்

தம்பி, அப்பச்சி நலமாக இருக்கட்டும். நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். காய்ச்சல் என்றால் இடுப்பில் ஒரு ஊசி போட்டால்தான் மனம் ஆறும் நம் ஊர்க்காரர்களுக்கு. தட்டணு இறங்கியவருக்குத் தசையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். எலிக்காய்ச்சல் வந்த ஒருவருக்கு எங்கோ டைக்லோஃபெனாக் என்ற வலி ஊசி போட்டு அனுப்பியிருந்தார்கள். பிட்டம் கறுத்து வீங்கித்தான் எங்கள் வார்டுக்கு வந்தார். அந்த மருந்து சிறுநீரகத்துக்கும் ஆகாது. எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் ஏற்கெனவே தத்தளித்துக்கொண்டிருக்கும். உடம்பு வலிக்குப் பாராசிட்டமால் போதும், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். இருமலில் ரத்தம் தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தேவகோட்டை, நோயாளியின் மகன்

அம்மா, ஒரு சந்தேகம். அப்பச்சிக்கு ஃபைப்ரினோஜன் என்ற உறைவுப் புரதம் சரியான அளவில்தான் இருந்தது. அப்படியிருந்தும் ஏன் பயந்தார்கள்?

புதுக்கோட்டை, ஓய்வுபெற்ற செவிலியர்

கடுமையான தொற்றில் கல்லீரல் அதை வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கும். ஏறியிருக்க வேண்டிய நேரத்தில் சாதாரண அளவு என்றால், உள்ளே செலவாகிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படுவார்கள். ஒரு தடவை பார்த்த எண்ணை நம்பாமல் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதனால்தான்.

காரைக்குடி, ரத்தப் பரிசோதனைக்கூட ஊழியர்

திரும்பப் பார்க்கும்போது இன்னொன்று. பி.டி.க்கு நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் இருக்க வேண்டும். குறைந்தால் ரத்தம் உறையாமலிருக்க உள்ளே வைத்திருக்கும் சிட்ரேட்டின் விகிதம் மாறி, உறையும் நேரம் பொய்யாக நீளும். தட்டணு எண்ண எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் சிலருக்குத் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு, எந்திரம் குறைத்து எண்ணிவிடும். எண் நம்ப முடியாதபடி இருந்தால் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.