மறு: அல்கோ வணிகத்தில் நோக்கம், குறிக்கோள், இலக்கு – ‘நோக்குரை’ சொல் முன்மொழிவு

குழுவினருக்கு வணக்கம். அல்கோ வணிகம், அதாவது கணினி நிரலே (program) தானாக வாங்கி விற்கும் சந்தை வணிகம், குறித்த நம் சொற்பட்டியலுக்காக இதை எழுதுகிறேன்.

> நிரல் எழுதுமுன் வணிகர் தமக்காக எழுதிவைக்கும் ஆவணத்தை ‘வணிகத் திட்டம்’ என்றே சொல்லலாமே. புதுச்சொல் எதற்கு?

வணிகத் திட்டம் என்றால் சேலத்தில் பலருக்கும் வங்கிக் கடனுக்காக ஆடிட்டர் தயாரித்துத் தரும் அறிக்கைதான் நினைவுக்கு வரும். நாம் பெயர் தேடுவதோ, இந்த நிரல் எதற்காக ஓடுகிறது, எவ்வளவு இழப்பு வரை ஓடலாம், எந்த நிலையில் நிறுத்தப்பட வேண்டும் என்று அதன் உரிமையாளர் தமக்குத் தாமே எழுதிக்கொள்ளும் ஒரு பக்கத்துக்கு. அதை ‘நோக்குரை’ எனலாம் என்பது என் முன்மொழிவு.

அதற்குள் வரும் மூன்று சொற்களையும் பிரித்தாள வேண்டும். ‘இலக்கு’ ஏற்கெனவே இலக்கு விலை என்ற பொருளில் தரகர் அறிக்கைகளில் ஊன்றிவிட்டதால், அது வாங்கவோ விற்கவோ இடும் ஒவ்வொரு ஆணைக்கும் (order) உரியதாகவே இருக்கட்டும். ‘குறிக்கோள்’ எண்ணால் அளக்கத்தக்கது. கணிதப் பாடநூலின் ‘குறிக்கோள் சார்பு’ (objective function) இதற்குத் துணைநிற்கிறது. ‘நோக்கம்’ இவ்விரண்டுக்கும் முந்தையது, ஆளுக்கு ஆள் வேறுபடுவது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் ஒருவரிடம் 5 கிலோ வெள்ளி, பாதி கட்டியாகவும் பாதி மெருகேறாத சங்கிலியாகவும் கிடக்கிறது என்று கொள்வோம். சரக்கு விற்பதற்குள் விலை இறங்கிவிடலாம் என்பதால், எம்சிஎக்ஸ் என்ற பண்டச் சந்தையில் 5 கிலோ அளவுள்ள சில்வர் மினி என்ற முன்பேர ஒப்பந்தம் (விற்றவருக்கு விலை இறங்கினால் இலாபம், ஏறினால் இழப்பு) ஒன்றை அவருடைய நிரல் விற்றுவைக்கிறது. கிலோவுக்கு 1,000 ரூபாய் ஏறினால் ஒப்பந்தத்தில் 5,000 ரூபாய் இழப்பு. பட்டறைச் சரக்கின் மதிப்போ ஏறக்குறைய அதே அளவு கூடியிருக்கும். ஒப்பந்தத்தின் இலாப நட்டத்தை மட்டும் பார்க்கும் பின்சோதனை (பழைய விலைகளில் நிரலை ஓட்டிப் பார்ப்பது), விலை ஏறிய ஆண்டுகளில் இதைத் தோற்ற நிரல் என்றே தள்ளிவிடும். அதே நிரலை, மென்பொருள் வேலையில் மிச்சம்பிடித்த பணத்தைப் பெருக்க நினைக்கும் ஒருவர் ஓட்டினால், அது வெள்ளி இறங்கும் என்று கட்டும் பந்தயம் மட்டுமே. வரிக்கு வரி நிரல் ஒன்றாக இருந்தும் அதன் வெற்றி தோல்வியை நோக்கந்தான் தீர்மானிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஒப்பந்த இழப்பு அன்றன்றே ரொக்கமாகக் கழிக்கப்படும். வெள்ளியின் ஏற்றமோ கொலுசு விற்றுக் காசான பிறகே கைக்கு வரும். அந்த இடைவெளியைத் தாங்க எவ்வளவு ரொக்கம் ஒதுக்கப்படும் என்பதை எழுதாத நோக்குரை அரைகுறையானது.

> ‘இலாபம் ஈட்டல்’ என்று ஒரு வரி எழுதினால் போதாதா?

போதாது. பங்குச்சந்தை முன்பேர, விருப்பப்பேர (futures, options) வணிகத்தில் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் இழப்பையே கண்டனர் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அவர்களும் இலாபத்துக்காகத்தானே வந்திருப்பார்கள்! எவ்வளவு, எத்தனை ஆண்டில், உச்சத்திலிருந்து எவ்வளவு சரிவைப் பொறுத்துக்கொண்டு என்று எழுதும்போதுதான் அந்த ஆசை குறிக்கோளாகிறது. 20 விழுக்காடு சரிந்த மூலதனம் பழைய நிலைக்கு மீள 25 விழுக்காடு ஏற வேண்டும். 50 சரிந்தால் 100 ஏற வேண்டும். ஆகவே சரிவின் வரம்பை ஈட்டத்துக்கு முன்னதாகவே எழுதுவது நல்லது.

‘நோக்குரை’ முகவுரை, அணிந்துரை போல நூலின் பகுதியாக ஒலிக்கிறது என்ற மறுப்பை ஓரளவு ஏற்கிறேன். ஆனால் ‘நோக்க ஆவணம்’ அரசாணை வாடை வீசுகிறது. ‘கொள்கை விளக்கம்’ சட்டமன்றத்துக்குப் போய்விட்டது. பேச்சில் ‘உன் நோக்குரையில் என்ன எழுதியிருக்கிறாய்?’ என்று தடையின்றிக் கேட்க முடிகிறது என்பதே எனக்குப் பெரிய சான்று.

மறுப்பில்லையெனில் இந்நான்கு சொற்களையும் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம். உச்சத்திலிருந்து காணும் வீழ்ச்சிக்கு ‘உச்சச்சரிவு’, ‘பெருஞ்சரிவு’ என இரண்டு பரிந்துரைகள் நிலுவையில் உள்ளன. எனக்கு முன்னதே உவப்பு.