8 வயசுப் பையனுக்கு கடைவாய்ப் பல்லில் கருப்புக் கோடு: பால் பல்தானே, விட்டுவிடலாமா?

கிருஷ்ணகிரி_அப்பா:
கீழ்க்கடைசிப் பல்லின் பள்ளத்தில் மெல்லிசாக ஒரு கருப்புக் கோடு. வலி, கூச்சம் எதுவும் இல்லை. தினமும் காலையில் தேய்க்கிறான், சாக்லேட் அதிகம் கொடுப்பதில்லை. எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால் ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட்தான் வாங்குகிறோம். எப்படியும் விழப்போகிற பல் என்று விட்டுவிடலாமா?

பல்_டாக்டர்:
முதலில் எண்ணிப் பாருங்கள். முன்பல் நடுக்கோட்டிலிருந்து பின்னால் எண்ணினால் ஐந்தாவதோடு பால் பல் முடிந்தது. ஆறாவது என்றால் அது நிரந்தரப் பல், போனால் திரும்ப முளைக்காது. 6 வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலே பின்பக்கம் வந்துவிடும். அதனால்தான் நிறைய வீடுகளில் கவனிப்பதே இல்லை.

கோடு வெறும் கறையாகவும் இருக்கலாம். பல்லைக் காயவைத்து வெளிச்சத்தில் பார்க்கும்போது கோட்டைச் சுற்றி சாம்பல் நிழல் தெரிந்தால் அடியில் சொத்தை ஓடுகிறது, அடைக்க வேண்டும். நிழல் இல்லையென்றால் சீலன்ட் (பள்ளத்தை மூடும் பூச்சு) போதும்: சுத்தம் செய்து, ஆசிட் ஜெல் 15–20 விநாடி வைத்து, கழுவி, காயவைத்து, பள்ளத்தில் பிசின் ஊற்றி லைட் அடிப்பார்கள். ஊசி கிடையாது. காயவைத்த பிறகு எச்சில் பட்டுவிட்டால் சீக்கிரமே பெயர்ந்துவிடும். ஒவ்வொரு செக்கப்பிலும் முழுசாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி_அப்பா:
எண்ணினேன் சார், ஆறாவதுதான். ஆனால் இனிப்பே அதிகம் கொடுப்பதில்லையே?

சத்துணவு_அக்கா:
எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்று பாருங்க. இன்டர்வெலில் பிஸ்கட், டியூஷனுக்கு முன்னாடி சிப்ஸ், படுக்கும்போது சர்க்கரை போட்ட பால். ஒவ்வொரு தடவையும் வாயில் அமிலம் ஏறி, பிஎச் (குறையக் குறைய அமிலம் அதிகம் என்று அர்த்தம்) 5.5க்குக் கீழே போனால் பல்லின் மேலோடான எனாமல் கரைய ஆரம்பிக்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரமாவது ஆகும். பிஸ்கட்டும் சிப்ஸும் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும், சாக்லேட்டே தேவலை. வேர்க்கடலை, கொய்யா கொடுத்தனுப்பலாம். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைவு, அதனால் ராத்திரி தேய்ப்பதைத்தான் விடக்கூடாது. பாலை அதற்கு முன்னாடியே முடிச்சிடுங்க.

பல்_டாக்டர்:
பேஸ்ட் விஷயம். பல்லில் வெள்ளைத் திட்டு, பழுப்பு விழுவது எனாமல் உருவாகும் வயதில் ஃப்ளோரைடு வயிற்றுக்குள் போவதால். 8 வயதில் ஞானப்பல் தவிர மற்றவற்றுக்கு எனாமல் கிட்டத்தட்ட உருவாகிவிட்டது. 1000 பிபிஎம் ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டைப் பட்டாணி அளவு தாராளமாக வைக்கலாம். துப்பியதும் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக் கூடாது, பலன் போய்விடும்.

மாற்ற வேண்டியது குடிக்கிற, சமைக்கிற தண்ணீரை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு ஆகாது. காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் ஏறும். ஆர்ஓ குறைக்கும். எலும்புக்கும் அதுதான் நல்லது.

கிருஷ்ணகிரி_அப்பா:
சரிங்க சார். பாப்பாவுக்கு 5 வயசு, ஐந்தாவது பல்லில் ஓட்டை. அதுவாவது பால் பல்தானே, பிடுங்கிவிடலாமா?

பல்_டாக்டர்:
அது விழ 10–12 வயசாகும். இப்போதே பிடுங்கினால் ஆறாவது பல் முன்னால் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அடியிலிருந்து வரும் பல் கோணலாகும். காப்பாற்ற முடிந்தால் அடையுங்கள். பிடுங்கியே ஆக வேண்டுமென்றால் இடம் காக்கும் வளையம் பற்றி அன்றைக்கே கேளுங்கள்.