லின்ட்: ‘பஞ்சுநீக்கி’ வேண்டாம், ‘பிசிறுகாட்டி’ எனலாம்

அனைவருக்கும் வணக்கம்.

மூல நிரலை (source code) ஓட்டிப் பார்க்காமல் படித்தே குறை சொல்லும் லின்ட் வகைக் கருவிகளுக்குச் சென்ற மடலில் முன்மொழியப்பட்ட ‘பஞ்சுநீக்கி’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. இன்ன கோப்பில், இன்ன வரியில் ஐயம் இருக்கிறது என்று சுட்டுவதே இக்கருவியின் வேலை; தானாக எதையும் நீக்குவதன்று. திருத்தும் வசதி சிலவற்றில் இருந்தாலும், நாம் கேட்டால்தான் திருத்தும்.

1978-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி நிரல்மொழிக்காக எழுதிய கருவிக்கு, துணியில் ஒட்டியிருக்கும் நூல் துணுக்கைக் குறிக்கும் ‘லின்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லே பெயராக அமைந்தது. நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு விரைந்து மாற்றித் தருவதைத் தொகுப்பியிடமும் (compiler), கண்டிப்பாகச் சோதிப்பதைத் தனி நிரலிடமும் விட்டதே அன்றைய ஏற்பாடு. துணியில் நிற்கும் அந்தத் துணுக்குக்கு நம்மிடம் ‘பிசிறு’ என்ற சொல் புழக்கத்திலேயே இருக்கிறது. திருப்பூரில் தைத்து முடித்த பனியனைப் பெட்டியில் அடுக்குமுன் பிசிறு பார்த்து வெட்டுகிறார்கள். ஆகவே ‘பிசிறுகாட்டி’ என்பது என் முன்மொழிவு. ‘திசைகாட்டி’ பழகிய நாவுக்கு இது அயலாக ஒலிக்காது. ‘பிசிறு விதிகள்’, ‘பிசிறற்ற நிரல்’ என்று வேண்டியபடி வளைந்தும் கொடுக்கும்.

‘பிசிறு’ என்றால் அற்பமானதாகத் தோன்றுமே என்று ஒருவர் கேட்கலாம். நிபந்தனைக்குள் ஒப்பிடும் ‘==’ வரவேண்டிய இடத்தில் மதிப்பை இருத்தும் ‘=’ மட்டும் விழுந்துவிட்டால், ஒப்பிட வேண்டிய மாறியின் (variable) மதிப்பே மாறிவிடும்; நிரலோ எந்தத் தடையுமின்றி ஓடும். சங்கிலித் தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை இழுத்தால் தையல் முழுவதும் பிரிந்து வருவதைப் பார்த்தவர்கள் பிசிறை அற்பமென்று சொல்லமாட்டார்கள்.

கடுமையைக் குறிக்க ‘எச்சரிக்கை’, ‘பிழை’ என்ற சொற்கள் ஏற்கெனவே நிலைபெற்றுள்ளன. அந்தப் பொறுப்பைக் கருவியின் பெயரில் ஏற்றக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஏனெனில் கடுமை மாறிக்கொண்டே இருப்பது. முன்கூட்டி அறிவிக்காத செயற்கூற்றை (function) அழைக்கும் பழக்கத்தை சி மொழியின் 1999-ஆம் ஆண்டுத் தரமே நீக்கிவிட்டது. எனினும் ஜிசிசி (GCC) என்ற தொகுப்பி அதை நெடுங்காலம் எச்சரிக்கையோடு விட்டுவந்து, 2024-இல் வெளியான 14-ஆம் பதிப்பில்தான் இயல்பிருப்பாக (default) பிழையாக்கியது. எச்சரிக்கை கண்டால் பில்டை, அதாவது நிரலைத் தொகுத்து உருவாக்கும் பணியை, நிறுத்தச் சொல்லும் தேர்வை இட்டவருக்கோ அது முன்பே பிழைதான்.

மறுப்பு இல்லையெனில், மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘3 பிசிறுகள் தென்பட்டன, பில்டு நிறுத்தப்பட்டது’ என்று எழுதி, இந்த வாரமே அனுப்பிவைக்கிறேன்.