தேரோடும் வீதியில் நின்றுபோன சக்கர நாற்காலி

கும்பகோணத்திலிருந்து:

தஞ்சாவூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். இறுதியாண்டு மாணவர்களும் நானும் சேர்ந்து ஒரு பேட்டரி சக்கர நாற்காலியில் அல்ட்ராசோனிக் சென்சார் பொருத்தினோம். காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியை வைத்துத் தடையை அறியும் கருவி அது. ஒரு மீட்டருக்குள் எது வந்தாலும் வண்டி தானாக நிற்கும். கல்லூரி வராண்டாவில் தூண், சுவர் எல்லாவற்றுக்கும் ஒழுங்காக நின்றது.

திருவிடைமருதூரில் இருக்கும் என் அத்தையிடம் கொண்டுபோனோம். பக்கவாதத்தில் அவருக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. வலது கை நன்றாக இருக்கிறது, ஜாய்ஸ்டிக்கை அழகாகப் பிடிப்பார். அன்று பிரதோஷம். வீதியில் கோயிலுக்குப் போகிற கூட்டம். பத்தடி போவதற்குள் யாரோ குறுக்கே வர, வண்டி நின்றது. நின்றதைப் பார்த்துப் பூக்காரம்மா ஓடி வந்தார். அவர் கிட்டே நின்றதால் வண்டி நகரவில்லை. நகரவில்லையே என்று இன்னும் நாலு பேர் வந்தார்கள். உதவிக்கு வந்தவர்களே வழியை அடைத்துவிட்டார்கள். இத்தனைக்கும் அத்தையிடம் ஒருவரும் பேசவில்லை. "அம்மாவுக்கு என்ன பண்ணுது?" என்று என்னைத்தான் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை சொன்னார்: "ஏன்டா, கொஞ்சம் நகருங்கன்னு நான் சொன்னா நகர்ந்துடப் போறாங்க. அதுக்குள்ள இது நின்னுடுதே."

அன்று இரவே நிரலை மாற்றினோம். இப்போது ஒரு மீட்டரில் வேகம் மட்டும் குறையும். அத்தை ஜாய்ஸ்டிக்கை அழுத்திக்கொண்டிருக்கும் வரை ஊர்ந்துகொண்டே போகும், 30 செ.மீ.க்குள் வந்தால்தான் நிற்கும். வண்டி மெல்ல வருவது தெரிந்தால் ஆட்கள் தாமாகவே ஒதுங்குகிறார்கள். தடை வந்தால் வண்டி எழுப்பிய பீப் சத்தத்தை எடுத்துவிட்டோம். அத்தையின் குரல் போதும்.

இன்னொன்று. இந்த சென்சாருக்குச் சுவர் தெரிகிற அளவுக்கு வேட்டி தெரியாது. துணியின் மடிப்பு ஒலியை உறிஞ்சிவிடும், எதிரொலி சரியாகத் திரும்பாது. மனிதர்கள்தான் அதற்கு மங்கலாகத் தெரிகிறார்கள் என்பது என்னை மிகவும் பயமுறுத்தியது. அதனால் தொட்ட உடனே மோட்டாரை நிறுத்தும் ரப்பர் பம்பர் ஒன்றையும் முன்னால் கட்டியிருக்கிறோம்.

வண்டி நிலைவாசலில் நுழையவே மாட்டேன் என்கிறது, இரண்டு பக்க நிலையையும் தடை என்று நினைக்கிறது. 1990களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் செய்த, தடையை உணர்ந்து விலகும் நேவ்சேர் என்ற சக்கர நாற்காலியிலும் கதவுக்கென்றே தனி முறை வைக்க வேண்டியிருந்தது. நாங்களும் அதைத்தான் செய்யப்போகிறோம். உங்களில் யாராவது இதுபோல ஓட்டியிருந்தால் சொல்லுங்கள்.

மன்னார்குடியிலிருந்து:

ஆறு வருஷமா பேட்டரி நாற்காலியில்தான் இருக்கேன் சார். எனக்கு முன்னால் வர்றவங்களைவிடப் பின்னால் வர்றவங்கதான் சிரமம். கேட்காமலே கைப்பிடியைப் பிடிச்சுத் தள்ளிடுவாங்க. நல்ல மனசுதான், ஆனா நான் ஒரு பக்கம் திருப்ப, அவங்க ஒரு பக்கம் தள்ள, ஒருதடவை வாய்க்கால் மதகு ஓரத்துக்கே போயிட்டேன். யாராவது பின்னால் கை வைச்சா எனக்குத் தெரியற மாதிரி ஏதாவது செய்யுங்க. கைப்பிடியை மடக்கி வைக்க முடிஞ்சாலும் போதும்.

அப்புறம் கோலம். மார்கழியில் தெரு முழுக்கக் கோலம். எந்த சென்சாருக்கும் அது தடையா தெரியாது. நான் ஒதுங்கிப் போகணும்னு ஜாய்ஸ்டிக்கைத் திருப்பினா, வண்டி அதைத் தப்புன்னு நினைச்சுத் திருத்தக் கூடாது.

என் பொண்ணு எப்பவும் பின்னாடியே நடந்து வருவா. முகம் பார்த்துப் பேசி ரொம்ப நாளாச்சு. ஜப்பானில் சைதாமா பல்கலைக்கழகத்தில், கூட வர்றவங்களுக்குப் பக்கத்திலேயே சேர்ந்து போற நாற்காலி செஞ்சிருக்காங்கன்னு படிச்சேன். அதுதான் எனக்கு வேணும்.

கும்பகோணத்திலிருந்து:

பின்பக்கத்தைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை அம்மா. கைப்பிடியில் தொடுவுணரி வைத்துப் பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஓட்டிப் பார்க்க முடியுமா? வண்டியை நாங்களே டாட்டா ஏஸில் ஏற்றி வருகிறோம். உங்கள் வாசல் படி எவ்வளவு உயரம் என்று மட்டும் சொல்லுங்கள். ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும், பலகை அறுத்துக்கொண்டு வர வேண்டும்.