'கிட்னியோட்': தமிழில் என்ன போடலாம்?

வணக்கம். யூதர்களின் பஸ்கா பண்டிகை உணவு பற்றிய கட்டுரையின் சொற்பட்டியலில், அப்போது யூதர்களில் ஒரு பிரிவினர் உண்ணாமல் ஒதுக்கும் கிட்னியோட்டுக்குப் 'பயறு வகை' என்று இருக்கிறது. எபிரேயத்தில் நேர்ப்பொருளும் அதுதான். அப்படியே விடலாமா?

———

வேண்டாம். அரிசி, மக்காச்சோளம், எள், கடுகு எல்லாம் அந்தத் தடையில் அடக்கம். 'பயறு' என்று படித்தவர் பருப்பை மட்டும் ஒதுக்கிவிட்டுச் சோறு வடித்துவிடுவார்.

தடை வந்த வழியைப் பார்த்தால் சொல் கிடைக்கும். யூத வேதம் பஸ்காவில் விலக்குவது ஹமேட்ஸை, அதாவது புளித்த தானிய உணவை, மட்டுமே. கோதுமை, வாற்கோதுமை, ஸ்பெல்ட் (ஒரு பழங்கோதுமை வகை), ரை, ஓட்ஸ் ஆகிய ஐந்தில் ஒன்றின் மாவு தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் அடுப்பேறாவிட்டால் ஹமேட்ஸ் என்று வைத்துக்கொள்வது வழக்கம். பஸ்காவில் உண்ணும் புளிப்பில்லா அப்பமான மட்சாவையும் இதே ஐந்தில் ஒன்றால்தான் செய்யவேண்டும். தண்ணீரை முந்தின மாலையே எடுத்து இரவெல்லாம் ஆறவைப்பார்கள். வெதுவெதுப்பாக இருந்தால் மாவு சீக்கிரம் புளிக்கும். தேய்த்த மாவில் முள்ளுருளை ஓட்டி நெருக்கமாகத் துளையிடவேண்டும், இல்லாவிட்டால் உப்பும். அடுப்பில் மடிந்துபோனதையும் கழித்துவிடுவார்கள், மடிப்புக்குள் சூடு சரியாக ஏறாது.

அரிசி இதில் சேராது. அது புளிப்பதில்லை, கெட்டுத்தான் போகும் என்பது யூதரின் பழைய சட்ட நூலான தால்மூத்தின் கணக்கு. (இட்லிக்கு அரைப்பவர்கள் சண்டைக்கு வரலாம்!) மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபைச் சேர்ந்த அஷ்கநாசி யூதர்கள்தான் 13ஆம் நூற்றாண்டுவாக்கில் அரிசி, பயறு போன்றவற்றுக்கும் கூடுதல் வேலி போட்டார்கள்: மூட்டையில் கோதுமை மணி கலந்துவிடும், அரைத்தபின் எது எந்த மாவு என்றும் தெரியாது. ஸ்பெயின் வழிவந்த செபராதியர் பலர் இன்றும் அரிசி சமைக்கிறார்கள், மும்முறை பொறுக்கிப் பார்த்தபின்.

ஆகவே அந்த ஐந்துக்கு 'ஐங்கூலம்', கிட்னியோட்டுக்குப் 'புறக்கூலம்' என்று முன்மொழிகிறேன். நெல், உளுந்து, எள் மூன்றும் கூலம் என்ற பழைய தானியச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருப்பவை. 'சிறுதானியம்' போட்டால் கம்பும் கேழ்வரகும்தான் நினைவுக்கு வரும்.

———

கூலம் சரி. ஆனால் கீன்வா என்ற தென்னமெரிக்க விதையும் ஐந்துக்குப் புறம்பானதுதானே? அதைப் பல அஷ்கநாசி ரபிகள் (யூத மதகுருக்கள்) அனுமதிக்கிறார்கள். தடை என்பது சொல்லிலேயே தெரிய 'விலக்குக்கூலம்' என்றால் என்ன?

———

கீன்வா நியாயமான கேள்வி, குறிப்பில் சேர்ப்போம். 'விலக்கு' மட்டும் இடிக்கிறது. ஹமேட்ஸை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. பண்டிகைக்கு முன் எரிக்கவேண்டும், அல்லது யூதரல்லாதவருக்கு விற்கவேண்டும். கிட்னியோட்டைச் சாப்பிடத்தான் கூடாது, அலமாரியில் இருக்கலாம். 'விலக்கு' என்று போட்டால் கடுகு டப்பாவையும் தூக்கி எறியச் சொன்னதுபோல் ஆகும். தவிர, யூத மதத்தின் கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக்குழு 2015இல் இதை உண்ணவும் இடம் கொடுத்துவிட்டது.

பதிவு இப்படி இருக்கட்டும்: "புறக்கூலம் (கிட்னியோட்): ஐங்கூலத்தில் சேராத அரிசி, மக்காச்சோளம், பயறு, எள், கடுகு போன்றவை. அஷ்கநாசி மரபில் பஸ்காவின்போது உண்பதில்லை, வைத்திருக்கலாம். உருளைக்கிழங்கு சேராது. கீன்வாவில் கருத்து வேறுபாடு உண்டு."