போலந்து ஜோக்ல வர்ற மாமியாரும் நான் நேர்ல பாத்த மாமியாரும் – உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

போலந்துல கட்டோவிட்சேங்கற ஊருக்கு வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. போன டிசம்பர் 4 கூட வேலை பாக்குறவர் வீட்டுக்கு கூப்பிட்டார், அன்னிக்கு பார்பாரா பேர் நாள், சுரங்கத் தொழிலாளிங்களுக்கும் அன்னிக்குத்தான் திருநாள். இங்க காலண்டர்லயே ஒவ்வொரு தேதிக்கும் பேர் போட்டிருக்கும், நம்ம பேர் வர்ற அன்னிக்கு வீட்ல விருந்து, கேக்கு, கொஞ்சம் வோட்கா. அவரோட மாமியார் பேர்தான் பார்பாரா. அவங்க பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு மனுஷன் மாமியார் ஜோக் ஆரம்பிச்சார், எனக்கு பக்குனு ஆயிடுச்சு.

மாமியார் பெட்டியோட வந்து நிக்கிறாங்க. "அம்மா எத்தனை நாள் இருப்பாங்க?"னு மருமகன் கேக்குறான். "உங்களுக்கு சலிச்சுப் போற வரைக்கும்பா." "அய்யோ, அப்ப அம்மா ஒரு டீ கூட குடிக்க மாட்டாங்களா?"

கடைசி வரிய அவர் சொல்லல, அந்தம்மாவே முந்திக்கிட்டாங்க, கைல எலுமிச்சைத் துண்டு மிதக்குற டீ கிளாஸோட. எல்லாரும் குலுங்கிக் குலுங்கி சிரிச்சாங்க. கல்யாணம் ஆனா மாமியாரை அம்மானுதான் இங்க கூப்பிடுவாங்க, நேருக்கு நேர் பேசும்போதும் 'நீ' போடாம "அம்மா குடிப்பாங்களா"னு வேற யாரையோ கேக்குற மாதிரி கேக்குற பழக்கம் இன்னும் நிறைய வீட்ல இருக்கு. வெளிய போனு சொல்றதும் அதே மரியாதைல வர்றதுதான் அந்த ஜோக்கோட உயிரே, இங்கிலீஷ்ல சொன்னா அது வராது, தமிழ்ல அப்படியே வருது பாருங்க.

பதில் 1:
நாங்க கிராகோவ். என் பொண்ணு ஸ்கூல்ல இருந்து யாஷு ஜோக்கா கொண்டு வர்றா. யாஷுனா எல்லா ஜோக்லயும் வர்ற வாண்டுப் பய, வீட்டு விஷயத்தையெல்லாம் கிளாஸ்ல போட்டு உடைக்கிறவன். "யாஷு, ஹோம்வொர்க் அப்பா எழுதிக் குடுத்தாரா?"னு டீச்சர் கேட்டா, "தெரியல டீச்சர், நான் சீக்கிரமே தூங்கிட்டேன்"ங்கறான். அவ இதை சொன்னப்ப என் வீட்டுக்காரர் அவளோட கணக்கு நோட்டைத்தான் பாத்துட்டிருந்தார்.

பதில் 2:
புருஷன் குடிச்சுட்டு நடுராத்திரி வருவான், பொண்டாட்டி மாவு தேய்க்குற கட்டையோட கதவுக்குப் பின்னாடி நிப்பா, இந்த மாதிரி ஜோக்கும் ஏகப்பட்டது உண்டு. போலிஷ் பேசிப் பழகணும்னு ஹவுஸ் ஓனர் அம்மாகிட்ட ஒண்ணை சொன்னேன். பியெரோகிக்கு (உள்ள பூரணம் வச்சு மடிக்கிற கொழுக்கட்டை மாதிரி) மாவு தேய்ச்சிட்டிருந்தாங்க. சிரிக்கல. கட்டைய கீழ வச்சிட்டு, "எங்கப்பா அப்படித்தான் வருவார்"னாங்க. அப்புறம் மாவைத் திருப்பிப் போட்டு தேய்க்க ஆரம்பிச்சாங்க, நானும் பக்கத்துல உக்காந்து மடிச்சுக் குடுத்தேன்.